கிறுகிறுப்புக்கு எந்த ஸ்கேன்?

தலைசுற்றலையும் ஸ்கேனையும் சேர்த்துக் கேட்ட கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை. கோவையில் ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட். நீங்கள் மெஷினுக்குள் படுத்திருக்கும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள். என் பதில்களும் அந்த நாற்காலியிலிருந்தே வரும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

ஏனுங்க டாக்டரம்மா, எனக்கு வயசு 58. படுக்கையில் வலது பக்கம் திரும்பினால் வீடே சுத்துது. அரை நிமிஷத்தில் நின்னுடுது. பரண் மேல் இருக்கிற குண்டானை எடுக்க அண்ணாந்தாலும் அதே கதைதான். மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம், நார்மல். கழுத்து எக்ஸ்ரேயில் எலும்பு தேய்மானம் என்று பட்டை போட்டுவிட்டார்கள். "கோயமுத்தூர் போய் 3 டெஸ்லா மெஷினில் எடுக்கலாம்" என்கிறான் பையன். எடுக்கட்டுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

வேண்டாங்க. அந்தக் காசு அப்படியே இருக்கட்டும்.

திரும்பினால் சுற்றுகிறது, அண்ணாந்தால் சுற்றுகிறது, அரை நிமிடத்தில் நிற்கிறது. இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். எந்த ஃபிலிமும் இதைவிட அதிகம் சொல்லாது. இது பெரும்பாலும் பி.பி.பி.வி. என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் காதுக்கல் தலைசுற்றலாக இருக்கும். உள்காதில் யூட்ரிக்கிள் என்று ஒரு சின்னப் பை இருக்கிறது. அதற்குள் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணர்வது அவற்றின் வேலை. வயதானாலோ, தலையில் அடிபட்டாலோ, சில சமயம் காரணமே தெரியாமலோ கொஞ்சம் படிகங்கள் கழன்று, பக்கத்தில் உள்ள மூன்று அரைவட்டக் கால்வாய்களில் ஒன்றுக்குள் விழுந்துவிடும். பெரும்பாலும் பின்பக்கக் கால்வாயில்தான் விழும். நீங்கள் புரளும்போது அவையும் உருண்டு, கால்வாயில் இருக்கும் திரவத்தைத் தள்ளும். மூளை அதை நம்பி, தலை சுழல்கிறது என்று எடுத்துக்கொள்ளும். கல் அடியில் போய் உட்கார்ந்ததும் சுற்றல் நிற்கும். உங்கள் அரை நிமிடக் கணக்கு இதுதான்.

அந்தப் படிகம் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. எங்கள் எம்.ஆர்.ஐ. உள்காதை எவ்வளவு நுணுக்கமாக எடுத்தாலும் ஒரு புள்ளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இருக்கும். பவானிசாகர் அணையை விமானத்திலிருந்து படம் எடுத்து, அதில் ஒரு கெண்டை மீனைத் தேடுகிற மாதிரி. காந்தத்தின் பலத்தை 1.5 டெஸ்லாவிலிருந்து 3 டெஸ்லா ஆக்கினாலும் மீன் தெரியாது. ஆகவே உங்கள் ஸ்கேனில் யாரும் எதையும் கோட்டை விடவில்லை.

அப்படியானால் எங்கே பார்ப்பது? கண்ணில். மேசையில் உட்கார வைத்து, தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் படுக்க வைத்து, தலை மேசையைத் தாண்டிக் கொஞ்சம் தொங்கும்படி பிடிப்பார்கள். கல் இருக்கிற பக்கமாக இருந்தால் சில நொடி கழித்துக் கருவிழி துடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் தானே அடங்கும். டிக்ஸ், ஹால்பைக் என்ற இரண்டு லண்டன் டாக்டர்கள் 1952இல் எழுதி வைத்த பரிசோதனை இது. செலவு என்று பார்த்தால் ஒரு மேசையும் ஒரு ஜோடி கைகளும்தான். பக்கம் தெரிந்ததும் அதே மேசையில் தலையைப் படிப்படியாகத் திருப்பிக் கல்லை மறுபடி பைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இந்த முறையை அமெரிக்காவில் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஜான் எப்லி 1992இல் வெளியிட்டார். சில நிமிட வேலை. ஒன்றிரண்டு தடவையிலேயே பெரும்பாலோருக்குக் குணமாகிவிடுகிறது. சிலருக்கு மாதங்கள் கழித்துத் திரும்ப வரும், திரும்பச் செய்துகொள்ளலாம். காது டாக்டரிடம் போய், "டிக்ஸ் ஹால்பைக் பார்த்துடுங்க" என்று நீங்களே கேளுங்கள், தப்பில்லை. கழுத்து வலி இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கழுத்துப் பட்டை விஷயத்தில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால், தலை சுற்றாதவர்களுக்கும் தேய்மானம் தெரியும். நான் தினமும் எழுதும் ரிப்போர்ட்டுகளில் அதுவும் ஒன்று. அதைச் சுற்றலுக்குக் காரணம் ஆக்கிவிடுவது நம் ஊரில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பட்டை போட்டால் சுற்றல் குறைகிறதே என்பார்கள். குறையத்தான் செய்யும், தலையே திரும்பவில்லை என்றால் கல் எப்படி உருளும்? மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை விழுங்குவதும் கல்லை நகர்த்தாது. தூக்கம் வரும், அவ்வளவுதான்.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், வயது 41. ஒரு வருடமாக இடது காதில் ரீங்காரம். போனை வலது காதில் வைத்தால்தான் பேச்சு புரிகிறது. நடக்கும்போது லேசாகத் தள்ளுகிறது. மூளை ஸ்கேன் எடுத்தேன், நார்மல். இப்போது காது டாக்டர் மறுபடியும் "ஐ.ஏ.சி. எம்.ஆர்.ஐ., ஊசி போட்டு" என்று எழுதித் தந்திருக்கிறார். ஸ்கேன் மையத்தில் கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் தெறித்ததா என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும், முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு தலைக்கு எத்தனை படம்? இதெல்லாம் காசு பிடுங்கற வேலையா?
– வாசகர், கோவை

கண் எக்ஸ்ரேயிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதைக் கேட்டவரை நீங்கள் திரும்பப் பார்த்தால் ஒரு நன்றி சொல்லுங்கள். 1.5 டெஸ்லா காந்தம் என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. கிரைண்டிங் சக்கரத்திலிருந்து தெறித்த ஒரு துளி இரும்பு கண்ணுக்குள் வலியில்லாமல் தங்கியிருக்கலாம். காந்தத்துக்குள் போனதும் அது அசைந்தால் உள்ளே ரத்தம் கசிந்து பார்வை போகலாம். அப்படிப் பார்வை இழந்த சம்பவம் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பம்ப்செட், மோட்டார், வார்ப்படம், லேத் என்று இரும்போடு பிழைக்கிற ஊர் நம்முடையது. "இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கா?" என்று கேட்பதற்கு அடுத்தபடியாக இங்கே கேட்க வேண்டியது "பட்டறை வேலையா?" என்பதுதான். ஒரு எக்ஸ்ரேயில் அது தெரிந்துவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும்: தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்கு, கொண்டை ஊசி, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் வெளியிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தங்கம் காந்தத்தில் ஒட்டாது என்று வாதம் வேண்டாம், ஊக்கு ஒட்டும். காதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தவர்கள், மூளை ரத்தக் குழாயில் கிளிப் போட்டவர்கள் அதன் அட்டையைக் கையோடு கொண்டு வர வேண்டும்.

அடுத்தது, ஏன் இன்னொரு ஸ்கேன் என்பது. முதல் ஸ்கேனுக்கு டாக்டர் தந்த சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று எடுத்துப் பாருங்கள். "கிடினெஸ்" என்று ஒரே ஒரு சொல் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுக்கு வரும் நிறையச் சீட்டுகள் அப்படித்தான். அதை மட்டும் பார்க்கும் டெக்னீஷியன் வழக்கமான மூளை ஸ்கேன் எடுப்பார், ஒவ்வொரு வெட்டும் 5 மில்லிமீட்டர் கனம். காது நரம்பு போகும் எலும்புக் குழாயைத்தான் ஐ.ஏ.சி. என்று சுருக்கி எழுதுவார்கள், அதன் நீளமே சுமார் 1 சென்டிமீட்டர்தான். அதற்குள் சின்னதாக ஏதாவது இருந்தால் இரண்டு வெட்டுக்கு நடுவில் நழுவிவிடும். "இடது காது கேட்கவில்லை, ரீங்காரம், ஒரு வருடம்" என்று இன்னும் ஒரு வரி எழுதியிருந்தால் முதல் தடவையே அந்தக் குழாயை அரை மில்லிமீட்டர் வெட்டுகளாக எடுத்திருப்பார்கள். அந்தப் படத்தில் திரவம் வெள்ளையாகவும், அதற்குள் நான்கு நரம்புகளும் கறுப்பு இழைகளாகவும் தெரியும். முகத்துக்கு ஒன்று, கேட்க ஒன்று, சமநிலைக்கு இரண்டு.

உங்கள் டாக்டர் தேடுவது வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்ற கட்டியை. புற்றுநோய் இல்லை, மெதுவாக வளரும். சமநிலை நரம்பின் உறையில் முளைத்தாலும் முதலில் தொந்தரவு தருவது கேட்பதில்தான். நரம்பு மெல்ல மெல்லக் கெடுவதால் மூளை அதற்குள் ஈடுகட்டிக்கொள்ளும், பெரிய சுற்றல் வராது. நீங்கள் சொல்லும் லேசான தள்ளாட்டம் மட்டும் இருக்கும். ஊசியில் போவது கடோலினியம். கட்டி சில மில்லிமீட்டர் இருந்தாலும் அது பளிச்சென்று வெள்ளையாகக் காட்டிவிடும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது, அதற்காகத்தான் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கிறார்கள். கர்ப்பமாக இருந்தால் தவிர்ப்போம்.

ஒரு பக்கக் காது மந்தம் என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி இருப்பதில்லை, படம் சுத்தமாகவே வரும். பட்டறைச் சத்தம் இரண்டு காதையும்தான் கெடுக்கும், ஒரு காது மட்டும் இறங்குவதால்தான் டாக்டர் சந்தேகப்படுகிறார். கட்டி இருந்தாலும் சின்னதென்றால் உடனே கத்தி கிடையாது. வருடா வருடம் ஸ்கேன் எடுத்து வளர்கிறதா என்று பார்ப்பதும் ஒரு வைத்தியம்தான். போகும்போது பழைய ஸ்கேன் படங்களைப் பதிந்து தந்த தட்டையும், காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்த ஆடியோகிராமையும் மறக்காதீர்கள். எனக்கு ரிப்போர்ட்டைவிடப் படம்தான் முக்கியம்.

எனக்குத் தலைசுற்றல் சரியாகிவிட்டது. ஆனால் ரிப்போர்ட்டில் "வாஸ்குலர் லூப்" என்று எழுதியிருப்பதைப் பார்த்ததிலிருந்து தறிக்குடோனில் வேலை ஓடவில்லை. ரத்தக் குழாய் நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். ஆபரேஷன் செய்ய வேண்டுமா?
– வாசகர், சோமனூர்

தறியை ஓட்டுங்கள். காது நரம்புக்குப் பக்கத்தில் ஒரு சிறு தமனி வளைந்து போவது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடமும் சகஜமாகக் காணப்படும். கண்ணில் பட்டதை எழுதுவது எங்கள் வழக்கம், எழுதாவிட்டால் அதற்கும் கேள்வி வரும். எழுதியது எல்லாம் நோய் ஆகாது.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வயது 52, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. நாலு நாள் முன்பு திடீரென்று தலை சுற்றி வாந்தி, எழுந்து நிற்கவே முடியவில்லை. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார். சி.டி. ஸ்கேன் எடுத்து நார்மல் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது பரவாயில்லை. லோடுக்குப் போகலாமா?
– வாசகி, நாமக்கல்

கூடாது. இதை இதழில் வரும்வரை வைத்திருக்க மனம் வராமல் ஆசிரியர் குழு மூலம் அன்றைக்கே போனில் சொல்லச் சொன்னேன். மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

சிறுமூளையும் மூளைத்தண்டும் இருக்கும் இடத்தின் இரண்டு பக்கமும் காதெலும்பு. உடம்பிலேயே கெட்டியான எலும்பு அதுதான். சி.டி.யில் அது கோடு கோடாக நிழல் வீசி நடுவில் இருப்பதை மறைக்கும். ரத்தக் கசிவு இருந்தால் சி.டி. காட்டிக்கொடுக்கும். அடைப்பால் வந்த பக்கவாதத்தை, அதுவும் முதல் நாளில், அந்த இடத்தில் பெரும்பாலும் காட்டாது. எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்ற படம் இதற்கு நல்லது. ஆனால் பின்மூளையில் சின்ன அடைப்பு என்றால் முதல் ஒன்றிரண்டு நாளில் அதுவும் ஏமாற்றலாம். இந்த நேரத்தில் படத்தைவிடக் கண்ணைச் சோதிக்கத் தெரிந்த டாக்டர் மேல். தலையைச் சட்டென்று திருப்பும்போது கண் நிலைக்கிறதா, துடிப்பு எந்தப் பக்கம், ஒரு கண் மேலே ஏறி நிற்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதை 'ஹின்ட்ஸ்' என்பார்கள். முதல் நாள் எம்.ஆர்.ஐ. தவறவிட்ட பக்கவாதங்களை இது பிடித்ததாக 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

நாலு நாள்தான் ஆகிறது என்பதால் இப்போது எம்.ஆர்.ஐ. எடுத்தால் தடயம் தெரியும், ஒரு வாரம் பத்து நாள் வரை இருக்கும். நரம்பியல் டாக்டரிடம் போங்கள். தலைசுற்றலோடு இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகம் கோணல், கை கால் மரத்துப்போதல், நிற்கவே முடியாத தள்ளாட்டம் இதில் எது வந்தாலும் 108க்குக் கூப்பிடுங்கள். எலுமிச்சை மோர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள்.

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் ஜமாப் மேளம் பக்கத்தில் வந்தால் எனக்குத் தலை சாய்ந்து சுற்றுகிறது. தும்மினாலும் வருகிறது. ராத்திரி அமைதியில் கண்ணை உருட்டினால் "சரக் சரக்" என்று வலது காதுக்குள் கேட்கிறது. வீட்டில் சாமி வந்திருக்கு என்கிறார்கள். மந்திரிக்கக் கூடப் போயாச்சு. எம்.ஆர்.ஐ. நார்மல். எனக்குப் புத்தி கெட்டுவிட்டதா?
– வாசகி, சென்னிமலை

இல்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் நான் இரண்டு தடவை படித்தது உங்களுடையதைத்தான்.

மூன்று அரைவட்டக் கால்வாய்களில் மேல் கால்வாய்க்கு மேலே ஒரு மெல்லிய எலும்பு மூடி இருக்கிறது, அதற்கு மேல் மூளை. சிலருக்கு அந்த மூடியில் ஓட்டை இருக்கும். அப்போது பெரிய சத்தம் உள்காதுக்குள் போகும்போது அதன் அழுத்தம் அந்த ஓட்டை வழியாகத் திசை மாறி, கேட்கும் உறுப்போடு நிற்காமல் சமநிலைக் கால்வாயையும் தள்ளிவிடும். அதனால்தான் ஜமாப் அடித்தால் சுற்றுகிறது. தும்மலும் அதே அழுத்தம்தான். கண் அசைவது, நடக்கும்போது குதிகால் படுவது என்று உடம்பின் சொந்தச் சத்தங்கள் எலும்பு வழியாக அந்தக் காதில் பெரிதாகக் கேட்கும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் லாயிட் மைனர் குழுவினர் 1998இல் இதை விவரித்து எழுதினார்கள். அதற்கு முன் இப்படிச் சொன்ன நோயாளிகளை உலகம் முழுக்க என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். சென்னிமலையில் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

எம்.ஆர்.ஐ. நார்மல் என்பதில் ஆச்சரியம் இல்லை. அது திரவத்தையும் நரம்பையும் பார்க்கும். எலும்பைப் பார்க்கச் சி.டி. வேண்டும், காதெலும்புக்கு மட்டும், அரை மில்லிமீட்டர் வெட்டில். சீட்டில் "சத்தம் கேட்டால் சுற்றல், வலது, மேல் கால்வாய் ஓட்டையா?" என்று எழுதி வாங்குங்கள். அப்படி எழுதியிருந்தால் நாங்கள் அந்தக் கால்வாயின் தளத்துக்கே படத்தைச் சாய்த்துப் பார்ப்போம். சாதாரணக் கோணத்தில் பார்த்தால் தவறும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மூடி மிக மெல்லியதாக இருந்தால் சி.டி.க்கு அது ஓட்டையாகவே தெரியும். எனவே படத்தில் ஓட்டை என்பதால் மட்டும் முடிவு செய்யக் கூடாது. சத்தத்துக்குச் சமநிலை உறுப்பு எப்படிப் பதில் தருகிறது என்று பார்க்கும் வெம்ப் என்ற பரிசோதனையும் ஆடியோகிராமும் அதே பக்கத்தைச் சொல்ல வேண்டும். மூன்றும் ஒத்துவந்தால்தான் நோய். அப்போதும் பலர் சத்தத்தைத் தவிர்த்துக் காதுக்குப் பஞ்சோ அடைப்போ வைத்துச் சமாளிக்கிறார்கள். வாழ்க்கையே முடங்கினால் ஓட்டையை அடைக்க ஆபரேஷன் உண்டு. அந்த ரிப்போர்ட் வந்தால் வீட்டாருக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள்.

பள்ளி ஆசிரியை, 45 வயது. மாதம் ஒருமுறை இரண்டு மூன்று மணி நேரம் சுற்றல், வாந்தி. அப்போது வலது காது அடைத்துக்கொண்டு கேட்காமல் போகிறது, பிறகு சரியாகிறது. மெனியர் என்கிறார் டாக்டர். காதுக்குள் நீர் கோத்திருப்பதைப் படமாகவே எடுக்கலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அவரோ தேவையில்லை என்கிறார். யார் சரி?
– வாசகி, உடுமலைப்பேட்டை

கட்டுரையும் சரி, உங்கள் டாக்டரும் சரி. புரோஸ்பர் மெனியர் பாரிஸில் இந்த நோயை எழுதியது 1861இல். உள்காதின் உட்புறத் திரவம் வீங்கியிருப்பதை இறந்தவர்களின் காதெலும்பை அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது 1938இல். உயிரோடு இருப்பவரிடம் படமாகப் பார்த்தது 2007இல், ஜப்பானின் நகோயாவில். கடோலினியம் வெளித் திரவத்துக்குள் மட்டும் ஊறும், உள்திரவத்துக்குள் போகாது. ஆகவே வெளிப்பக்கம் வெள்ளை, உள்பக்கம் கறுப்பு. கறுப்பு பெருத்திருந்தால் வீக்கம். நகோயாவில் முதலில் செவிப்பறை வழியாக மருந்தைச் செலுத்தினார்கள். இப்போது கையில் ஊசி போட்டு, மருந்து உள்காதுக்கு ஊறும்வரை நான்கு மணி நேரம் காத்திருந்து, 3 டெஸ்லாவில் எடுக்கிறார்கள்.

அழகான படம், எனக்குப் பிடித்த படம். ஆனால் தொந்தரவே இல்லாத காதிலும் சில சமயம் வீக்கம் தெரிகிறது. படத்தால் உங்கள் மாத்திரையோ உப்புக் குறைப்போ மாறப்போவதில்லை. நோயா இல்லையா, எந்தக் காது என்று குழம்பும்போதும், சமநிலை உறுப்பை முடக்க காதுக்குள் ஜென்டாமைசின் மருந்து போடுவது போன்ற திரும்ப முடியாத முடிவு எடுக்கும் முன்பும் அது உதவும். உங்கள் விஷயத்தில் கதையும் ஆடியோகிராமும் போதும். நரம்பில் கட்டி இல்லை என்று பார்க்க ஒரு சாதாரண ஐ.ஏ.சி. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊறுகாயும் அப்பளமும் அளவோடு.

எம்.ஆர்.ஐ. மெஷினிலிருந்து எழுந்ததும் தலை சுற்றியது. காந்தம் காதைக் கெடுத்துவிட்டதா?
– வாசகர், தாராபுரம்

கெடுக்காது. ஆனால் உங்கள் சந்தேகம் வெட்டியானதும் இல்லை. 7 டெஸ்லா காந்தத்துக்குள் இருட்டில் படுத்திருக்கும் ஆரோக்கியமானவர்களுக்கும் கண் துடிக்கிறது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 2011இல் காட்டினார்கள். உள்காதுத் திரவத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய மின்னோட்டத்தைக் காந்தப்புலம் தள்ள, அது திரவத்தையே தள்ளுகிறது. இரண்டு உள்காதும் செயலிழந்தவர்களுக்கு அந்தத் துடிப்பு வரவில்லை. வெளியே வந்ததும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

நம் பக்கத்து மெஷின்கள் 1.5 அல்லது 3 டெஸ்லாதான், அங்கே இந்த விளைவு லேசானது. உங்கள் சுற்றலுக்கு வேறு காரணமும் இருக்கலாம். அரை மணி நேரம் அசையாமல் படுத்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கியும் கிறுகிறுக்கும், காதுக்கல் இருந்தால் அதுவும் உருளும். அடுத்த தடவை மேசை வெளியே வந்ததும் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, டெக்னீஷியன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். சுற்றியது அரை நிமிடமா, அதிகமா என்று உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.